சம்பந்தி கேட்ட பாட்டில்

வாசகப் பெருமக்களே, வாருங்கள்! சாட்சிக்கு ஆள் தேவைப்படுகிறது. தாராவியில் தொண்ணூறு அடிச் சாலைக்குப் பின்புறம், இரும்பு ஏணி ஏறிப் போகும் ஒரு மாடியறையில், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு கொள்ளைக்கான மூட்டை கட்டப்படுகிறது. கட்டுகிறவள் கொள்ளைக்காரி அல்லள், பறிகொடுக்கப் போகிறவள். தன் பொருளைத் தன் கையாலேயே மூட்டை கட்டுகிறாள். அதைப் பெற்றுக்கொள்ளப் போகிறவருக்கோ நாம் ஏற்கெனவே மாலை போட்டுவிட்டோம்.

சீதனம் ஒழிந்துவிட்டதென்று மேடைதோறும் முழங்குகிறோம். ஒழிந்ததா, ஒளிந்ததா? அருகே வந்து பாருங்கள்.

நடந்தவற்றை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கப்பல்களில் சமையற்காரராகப் பல கடல்களைக் கடந்த ஆபிரகாம் காலமாகிவிட்டார். அவர் மனைவி ஞானப்பூ தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தே இரு மக்களையும் ஆளாக்கினாள். மூத்தவள் ஷைனி குர்லாவில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறாள். இளையவன் ஸ்டெர்லின் சயான் ரயில் நிலையத்துக்கு வெளியே மொபைல் கவர் விற்கிறான்.

ஷைனிக்கும் செம்பூர் டென்சிலுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. டென்சிலின் தந்தை அருமைநாயகம் ஓய்வுபெற்ற அதிகாரி. செம்பூர்ச் சபையின் கமிட்டி உறுப்பினர். "ஒரு பைசா சீதனம் வேண்டாம்" என்று நிச்சயதார்த்த மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்து முழங்கியவர் அவரே. மாலையும் பொன்னாடையும் அவர் தோளில் விழுந்தன.

இன்னாரும் இன்னாரும் மணக்கப் போகிறார்கள், தடை அறிந்தவர் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறுகள் ஆலயத்தில் அறிவிப்பதை நெல்லைக் கிறித்தவர்கள் ஓலை வாசிப்பது என்பார்கள். முதல் ஓலை சென்ற ஞாயிறு வாசிக்கப்பட்டது. மறுநாள், கல்யாணத்துக்கு வெள்ளையடிப்பதற்காக ஸ்டெர்லின் பரணை ஒழித்தான். அப்பாவின் தகரப்பெட்டிக்குள்ளிருந்து கருத்த கண்ணாடியும் சிவப்பு மெழுகு முத்திரையுமாக ஒரு பாட்டில் வெளிப்பட்டது. படம் பிடித்தான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். அன்று மாலையே செம்பூரிலிருந்து அழைப்பு வந்தது.

"சம்பந்தியம்மா, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்தப் பாட்டில் மட்டும் போதும். ஒரு ஞாபகார்த்தமா."

அது என்ன பாட்டில்? கரீபியன் தீவொன்றில் கரும்புக் காடுகளுக்கு நடுவே மோர்ன் தெலீஸ் என்றோர் ஆலை இருந்தது. அங்கே காய்ச்சிய ரம் அது. மரப் பீப்பாயில் பல்லாண்டு கிடந்து, தீவின் வெக்கையில் பாதி காற்றோடு கலந்துபோக, மீதி கறுத்துக் கனத்தது. பிறகு ஆலையை மூடிவிட்டார்கள். இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயின. எஞ்சியுள்ள பாட்டில்களை விட்டால் அந்தச் சரக்கு இனி ஒரு சொட்டும் பிறக்கப் போவதில்லை. அதனாலேயே செல்வர்கள் அதைத் தேடி நாடு நாடாக அலைகிறார்கள்.

அருமைநாயகத்துக்கு இவையெல்லாம் தெரியும். அவர் வீட்டு வரவேற்பறையில், விளக்கு வைத்த கண்ணாடி அலமாரியில், உலகத்துப் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன.

ஞானப்பூவுக்குத் தெரிந்தது ஒன்றே. அது சாராயம்.

அவள் யார் தெரியுமா? தாராவிச் சபையின் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்துச் செயலாளர். இன்றோ, சங்கத்தின் மதுவிலக்கு ஞாயிறு. ஆராதனையில் இரண்டாம் ஓலை வாசித்து முடிந்ததும், அவள் ஒலிவாங்கியின் முன் நின்று சங்கத்துப் பெண்களுக்கு உறுதிமொழி சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இனி அறைக்குள் வாருங்கள்.

"ஏட்டி, அந்தப் பழைய துண்ட எடு. அதச் சுத்தணும்."

"எதை?" என்றாள் ஷைனி, தெரிந்துகொண்டே.

"அதத்தான்."

பாட்டில் என்னும் சொல் ஞானப்பூவின் வாயில் வரவில்லை. மேசைமீது அது நின்றது. அதன் பக்கம் திரும்பாமலே அவள் முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"துண்டு எதுக்கும்மா? இதோ பப்பிள் ராப் வாங்கிட்டு வந்துட்டேன்," என்று ஸ்டெர்லின் கொப்புளத் தாளை விரித்தான். "அங்கிள் பார்க்கறப்போ நீட்டா இருக்கணும்."

"சீதனத்துக்கு பப்பிள் ராப் வேறயா?"

"அரே, சீதனம்னு எவன் சொன்னான்? கிஃப்ட். ஒரு பாட்டில். கதம், முடிஞ்சுது."

"நீ அதை ஸ்டேட்டஸ்ல போடாம இருந்திருந்தா எதுவுமே ஆரம்பிச்சிருக்காது."

"எனக்கு என்ன தெரியும்? பழைய பாட்டில், சூப்பரா இருக்கே, எவனாவது இது என்னன்னு சொல்லுவான்னு போட்டேன்."

"சொல்லிட்டான்ல!"

"ரெண்டு பேரும் சத்தத்தக் கொறைங்க," என்றாள் ஞானப்பூ. "பக்கத்து ரூமுல தங்கபுஷ்பம் இருக்கா. ஏட்டி ஷைனி, நீ எதுக்கு இந்த ஆட்டம் ஆடுத? தங்கமா கேட்டாவ? காரா கேட்டாவ? வீட்டுக்குள்ள கெடந்த ஒரு பாவம் வெளிய போவுதுன்னு நெனச்சுக்கோ."

"பாவம்னா மோரிச் சாக்கடையில ஊத்து. அவர் அலமாரியில எதுக்கு வைக்கணும்?"

"உங்கப்பா தந்தத எப்பிடிட்டி ஊத்துவேன்?"

"அப்பா தந்ததை அவருக்கு மட்டும் எப்படிம்மா குடுப்பே?"

ஞானப்பூவின் கை துண்டின்மேல் நின்றது.

ஆபிரகாம் அதை எங்கும் விலைக்கு வாங்கவில்லை. கப்பல் பழுதாகி அந்தத் தீவில் நின்றிருந்த நாட்களில் ஆலைத் தொழிலாளி ஒருவன் அவருக்குப் பழக்கமானான். விராசமி என்று பெயர். அவன் முப்பாட்டன் கரும்பு வெட்டுவதற்காக நம் பக்கத்திலிருந்து கப்பலேற்றப்பட்டவன். ஆலையை மூடிய அன்று, கொடுக்க வேண்டிய கூலிக்குப் பதிலாக ஆளுக்கொரு பாட்டிலைக் கையில் திணித்து வெளியே அனுப்பினார்கள். "இதைக் குடித்தால் என் உழைப்பை நானே குடித்ததாகும். விற்றால், அவர்கள் செய்தது சரியென்று நானே ஒப்புக்கொண்டதாகும். நீ கொண்டுபோ" என்று அவன் அதை ஆபிரகாமிடம் கொடுத்துவிட்டான். மது தொடாத ஆபிரகாம் அதைத் திறக்கவும் இல்லை, விற்கவும் இல்லை.

பாருங்கள் இந்தக் கொடுமையை! ஒரு தீவில் உழைத்தவனின் வாயை அடைக்கக் கொடுத்த பாட்டில், மும்பையில் பெண்ணைப் பெற்றவளின் வாயை அடைக்க வந்து நிற்கிறது.

"அம்மா, அதோட மதிப்பு உனக்குத் தெரியாது," என்றாள் ஷைனி. "நான் நெட்ல பார்த்தேன். அதை வித்தா மான்குர்த்துல ஒரு ரூம் வாங்கலாம்."

"சும்மா சொல்லாதட்டி!"

"இவனைக் கேளு."

ஸ்டெர்லின் கொப்புளம் ஒன்றை நசுக்கினான். "ஆமாம்மா. ஆலை பந்த் ஆயிடுச்சுல்ல. இனிமே வராது. அதனால ரேட் ஏறிக்கிட்டே போகுது."

"ஒனக்கும் தெரியுமால? தெரிஞ்சுக்கிட்டா குடுக்கச் சொல்லுத?"

"அக்கா செம்பூர்ல ஃப்ளாட்ல போய் இருக்கப் போறா. சந்தோஷமா இருக்கட்டும்னுதான். மாமனாரைப் பகைச்சுக்கிட்டு அங்க போய் அவ என்ன பண்ணுவா?"

அவன் சொன்னதில் அன்பு இருந்தது. நம் வீடுகளில் அநீதிக்குக் கதவு திறந்துவிடுவது பெரும்பாலும் இந்த அன்புதான்!

"போன் போட்டு முடியாதுன்னு சொல்லும்மா," என்றாள் ஷைனி.

"எப்பிடிட்டி சொல்லுவேன்? முடியாதுன்னு சொன்னா அவரு சும்மா இருப்பாரா? மதுவிலக்குச் செக்ரட்டரி வீட்டுப் பரணுல ரம்மு பாட்டிலுன்னு சபை சபையாச் சொல்லுவாரு. குடிகாரப் புருசன்மாரு வீட்டுக்கெல்லாம் போயி நான் ஜெபம் பண்ணிருக்கேன். அவளுவ மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்?"

"அப்போ உன் பேரைக் காப்பாத்த என்னை வித்துருவியா?"

சொன்ன பிறகு ஷைனிக்கே அது வலித்தது. ஞானப்பூ பாட்டிலைத் துண்டில் சுற்றினாள். அதன்மேல் கொப்புளத் தாளைச் சுற்றினாள். பாட்டுப் புத்தகங்கள் வைக்கும் துணிப்பையின் அடியில் அதை நிறுத்தி, மேலே புத்தகங்களை அடுக்கினாள். அருமைநாயகம் காரில் வருவார். தாராவிச் சந்துக்குள் கார் வராதாம். ஆகவே பாட்டிலை ஆலயத்துக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

மதுவிலக்கு ஞாயிறன்று, மதுவிலக்குச் செயலாளர், ரம் பாட்டிலைச் சுமந்துகொண்டு கோவிலுக்குப் புறப்பட்டாள். சிரிக்கத் தோன்றினால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பற்றியெரிகிறது.

ஏணியின் கீழே தங்கபுஷ்பம் காத்திருந்தாள். சங்கத்தில் ஞானப்பூவுக்கு வலக்கை போன்றவள்.

"குடுங்கக்கா, நான் தூக்கிட்டு வாரேன்." கேட்ட கையோடு பையைப் பற்றிவிட்டாள். "ஆத்தாடி, என்ன இந்தக் கனம் கனக்கு?"

"பாட்டுப் புஸ்தகம்," என்றாள் ஞானப்பூ.

"புஸ்தகமா? கல்லு மாரில்லா இருக்கு."

"புது அட்ட போட்டிருக்கு. நீ குடு இங்க."

பின்னால் வந்த ஸ்டெர்லின் தாயின் காதருகே குனிந்தான். "ரோட்ல போலீஸ் யாராச்சும் பையைத் தொட்டா சரக்கு வச்சிருக்க பெர்மிட் இருக்கான்னு கேப்பான். பார்த்து நட."

"இத இப்பம் வந்தா சொல்லுவ?"

சிக்னலில் நின்ற போக்குவரத்துக் காவலர் "மௌஷி, பாஜூலா!" என்று ஓரம்போகச் சொல்லிக் கையை அசைத்ததற்கே, ஞானப்பூவுக்கு வியர்த்து வழிந்தது.

ஆலய வாசலை அடைந்ததும் ஷைனி ஒதுங்கி நின்று டென்சிலை அழைத்தாள். அதே நேரத்தில் செம்பூர் ஆலயத்திலும் இரண்டாம் ஓலை வாசிக்கப்படும். அவன் அங்கே போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

"டென்சில், உங்கப்பாகிட்ட சொல்லிடு. அந்தப் பாட்டில் உங்க வீட்டுக்கு வரக் கூடாது."

"அரே ஷைனி, சுபே சுபே, காலங்காத்தால என்ன இது? இன்னிக்கு நம்ம ஓலை. சந்தோஷமா இரேன்."

"சீதனம் வேண்டாம்னு மைக்ல சொன்னாரே, அப்போ இது என்ன?"

"கிஃப்ட். கிஃப்டுக்கும் டவ்ரிக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

"தெரியும். கிஃப்ட்டை குடுக்கறவங்க முடிவு பண்ணுவாங்க. வாங்கறவங்க போன் போட்டுக் கேக்க மாட்டாங்க."

மறுமுனையில் தட்டில் கரண்டி இடறும் ஓசை கேட்டது. அவன் சிற்றுண்டி உண்டுகொண்டே பேசினான்.

"நீ எல்லாத்தையும் பெருசு பண்றே. யோசிச்சுப் பாரு. வீட்ல ரம் இருக்குன்னு தெரிஞ்சா உங்கம்மாவுக்குத்தானே அசிங்கம்? அப்பா அதை எடுத்துக்கிட்டா உங்க தலைவலிதானே தீருது? அவரே சொன்னாரு..."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல, விடு."

"டென்சில், என்ன சொன்னாரு?"

"தங்கம் கேட்டா நாலு பேர்கிட்ட சொல்லுவாங்க, இதைக் கேட்டா வாயே திறக்க மாட்டாங்கன்னு. ஜோக்கா சொன்னாரு, அவ்ளோதான். ஜோக்!"

"நீ சிரிச்சியா?"

அவன் பதில் சொல்வதற்குள் ஷைனி இணைப்பைத் துண்டித்தாள். நேரே தாயிடம் சென்றாள். கேட்டதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

ஞானப்பூ முதலில் நம்பவில்லை. "அவரு அப்பிடிச் சொல்ற ஆளா? சபைக் கமிட்டியில இருக்கவரு..."

அவள் முடிக்கவில்லை, வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அருமைநாயகம் இறங்கினார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. கையில் தோலுறையிட்ட வேதாகமம். எல்லோருக்கும் கைகூப்பிவிட்டு ஞானப்பூவின் அருகே வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"கொண்டு வந்தாச்சா, சம்பந்தியம்மா?"

அவள் பையை மார்போடு அணைத்தாள். அதுவே பதிலாயிற்று.

"குட். டிக்கி திறந்துதான் இருக்கு. சர்வீஸ் முடிஞ்சதும் தம்பி கொண்டுவந்து வச்சிரட்டும். படுக்க வைக்கக் கூடாது, நிமித்தித்தான் வைக்கணும். கார்க் நனைஞ்சா போச்சு. யாருக்கும் தெரிய வேண்டாம், என்ன? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

உங்கள் நல்லதுக்கு! பெண்ணைப் பெற்றவர்களே, எத்தனை பேர் இந்தச் சொற்களைக் கேட்டிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள்!

ஆராதனை தொடங்கியது. பாட்டும் ஜெபமும் பிரசங்கமும் முடிந்தன. ஸ்டெர்லின் ஆண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் இருந்தான். பெண்கள் பக்கத்திலும் ஞானப்பூ கடைசி வரிசையைத்தான் தேர்ந்திருந்தாள். பை இருக்கைக்குக் கீழே இருந்தது.

போதகர் அறிவிப்புத் தாளை எடுத்தார். செம்பூர்ச் சபையைச் சேர்ந்த அருமைநாயகத்தின் குமாரன் டென்சிலும், இச்சபையைச் சேர்ந்த காலஞ்சென்ற ஆபிரகாமின் குமாரத்தி ஷைனியும் விவாகம் செய்ய விரும்புவதாகவும், இது இரண்டாம் அறிவிப்பென்றும் வாசித்தார். வாசித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"சபையாரே, இந்த விவாகத்தில் ஒரு விசேஷம் உண்டு. இது சீதனமில்லாத விவாகம். மாப்பிள்ளையின் தகப்பனார் இன்று நம்மோடு இருக்கிறார். ஐயா, எழுந்து நில்லுங்கள். நம் பிள்ளைகள் உங்களைப் பார்க்கட்டும்."

அருமைநாயகம் எழுந்தார். தலையைச் சற்றே தாழ்த்தினார். ஆலயம் முழுவதும் கைதட்டியது. பாடகர் குழு தட்டியது. வாலிபர் தட்டினர். எல்லோரையும்விட உரக்கத் தட்டியவர்கள் மதுவிலக்குச் சங்கத்துப் பெண்கள். தங்கபுஷ்பம் ஞானப்பூவின் தோளை இடித்து, "தட்டுங்கக்கா, ஒங்க சம்மந்தியில்லா!" என்றாள்.

ஞானப்பூவின் கைகள் எழுந்தன. அருகருகே வந்தன. அங்கேயே நின்றன.

"தடை அறிந்தவர் யாரேனும் இருந்தால் இப்பொழுது தெரிவிக்கலாம்," என்று போதகர் தாளை மடித்துக்கொண்டே சொன்னார். இந்தக் கேள்விக்கு விடை வருமென்று எந்தப் போதகரும் எதிர்பார்ப்பதில்லை. அவர் கண் அடுத்த தாளுக்குப் போய்விட்டது.

"தடை இருக்கு, ஐயா."

போதகர் நிமிர்ந்தார். எழுந்து நின்றவள் பெண்ணின் தாய் என்று கண்டதும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஷைனிக்கும் விளங்கவில்லை, அவள் தாயின் சேலையைப் பற்றிக்கொண்டாள்.

ஞானப்பூ நடுப்பாதையில் முன்னே நடந்தாள். உறுதிமொழி சொல்வதற்காக அவளுக்கென்று வைத்திருந்த ஒலிவாங்கியின் முன்னால் போய் நின்றாள்.

"எங்க வீட்டுல ஒரு ரம்மு பாட்டிலு இருக்கு. எம்புருசன் கப்பல்லருந்து கொண்டாந்தது. குடிக்கல்ல, திறக்கல்ல. ஆனாலும் இருக்கு. அது இருக்கையிலேயே வருசா வருசம் இந்த மைக்குல நின்னு, என் வீட்டுல மது இல்லன்னு நான் சொல்லிருக்கேன். அது பொய்யி. அதுக்கு நீங்க என்ன தண்டன தந்தாலும் வாங்கிக்கிடுதேன்."

அவள் ஒலிவாங்கியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள்.

"அந்தப் பொய்யக் கையில வச்சுக்கிட்டுத்தான் எம்மகளுக்குச் சீதனம் கேட்டிருக்காவ. அந்தப் பாட்டிலு ரொம்ப விலயாம். அதக் கேட்டா நான் வெளிய சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சே கேட்டிருக்காவ."

"யாரு கேட்டது?" என்று பாடகர் குழுவிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"இப்பம் கை தட்டுனியளே, அவியதான்."

அருமைநாயகம் துள்ளி எழுந்தார். "வாட் நான்சென்ஸ்! கேட்டீங்களா, சபையாரே? சாராயம் வச்சிருந்த வீடுன்னு அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்க. இந்த வீட்டுல பெண்ணெடுக்க நான் இரக்கப்பட்டு சம்மதிச்சேன். எனக்கு இதுதான் பதிலா?"

"அப்போ கார் டிக்கியைத் திறந்து வச்சது எதுக்கு, அங்கிள்?" என்றாள் ஷைனி. அவளும் தாயின் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

இப்பொழுது என்ன நடந்திருக்க வேண்டும்? சபை முழுவதும் திரும்பி அந்த மனிதரைப் பார்த்து, "நீர் கேட்டதுண்டா, இல்லையா?" என்று வினவியிருக்க வேண்டும். நடந்தது என்ன?

"ஏக்கா, வீட்டுல பாட்டில வச்சுக்கிட்டா எங்க புருசன்மாருக்குப் புத்தி சொன்னிய?" என்று கத்தினாள் தங்கபுஷ்பம்.

"எந்த கம்பெனி ரம்மு?" என்று வாலிபர் பக்கத்தில் ஒருவன் மெல்லக் கேட்டான்.

"இவ செக்ரட்டரியா இருந்தா நான் ராஜினாமா," என்றாள் சங்கத் தலைவி.

"திறக்காம வச்சிருந்தா மது வச்சிருந்ததா ஆகுமா?" என்று ஒரு பெரியவர் நுணுக்கம் பேசினார். அதற்கு இன்னொருவர் சங்கத்தின் விதியை எடுத்துரைத்தார். ஆண்கள் பக்கம் இரண்டாகப் பிரிந்தது. பாட்டிலைப் பற்றிப் பேசாதவர் எவருமில்லை. சீதனத்தைப் பற்றி ஒருவர், ஒரே ஒருவர்கூட வாய் திறக்கவில்லை! அருமைநாயகத்தின் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தது பாருங்கள். நம்மை நம்மைவிட நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள், நம்மைச் சுரண்டுகிறவர்கள்.

போதகர் மணியை அடித்து அமைதி கேட்டார்.

"தடையென்று சபை நடுவே சொல்லப்பட்டதை நான் தள்ள முடியாது. மூன்றாம் ஓலைக்கு முன்னால் இரு வீட்டாரும் என் முன் வர வேண்டும். மாப்பிள்ளையும் வர வேண்டும். அந்தப் பாட்டில் இங்கே இருக்கிறதா, அம்மா?"

"இந்தா, பையில..." என்றாள் ஞானப்பூ. ஷைனி கடைசி வரிசைக்கு ஓடினாள். இருக்கைக்குக் கீழே பை இருந்தது. தூக்கினாள். தூக்கியபோதே அவள் முகம் மாறிவிட்டது. உள்ளே பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. துண்டு இருந்தது. கொப்புளத் தாள் இருந்தது.

அவள் ஆண்கள் பக்கம் பார்த்தாள். ஸ்டெர்லின் இருந்த இடம் காலியாக இருந்தது.

வாசலுக்கு விரைந்தாள். வெள்ளைக் காரின் டிக்கி திறந்தபடியே கிடந்தது. உள்ளே மாற்றுச் சக்கரத்தையும் ஒரு குடையையும் தவிர வேறொன்றும் இல்லை. தம்பியின் எண்ணை அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

பின்னாலேயே வந்த அருமைநாயகமும் டிக்கிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் ஏமாற்றம் தெரிந்தது; பார்த்த நீங்களே சாட்சி. உடனே அதைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டார்.

"பாட்டிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் கட்டுக்கதை. சபையாரே, வந்து பாருங்க! ஐயாகிட்ட என்னத்தைக் காட்டப் போறாங்க?"

ஷைனி தாயிடம் திரும்பி வந்தாள். ஆலயப் படியில் ஞானப்பூ தனியே நின்றாள்; சங்கத்துப் பெண்கள் அவளைச் சுற்றி வழி விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அது இல்லம்மா. ஸ்டெர்லினையும் காணோம். இப்போ என்ன பண்றது? நீயும் அசிங்கப்பட்டே, கையில ஆதாரமும் இல்ல."

"பாட்டிலு கெடக்கட்டும்டி." ஞானப்பூ குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. "அது இல்லேன்னு ஆனா, அவரு கேட்டது கேக்காததா ஆயிருமா? போதகர் ஐயரு முன்னால நான் அதையே சொல்லுவேன். ஒம்மாப்பிள்ள வந்து என்ன சொல்லுதாருன்னு நீ பாத்துக்கோ. பொறவு கட்டுததும் விடுததும் ஒன் இஷ்டம்."

ஷைனியின் கைப்பேசி அதிர்ந்தது. டென்சில். அவள் எடுக்கவில்லை, வெட்டவும் இல்லை. அது அதிர்ந்துகொண்டே இருந்தது.

வாசகர்களே! ஸ்டெர்லின் எங்கே போனான் என்பதை அவன் தமக்கை தேடிக்கொள்வாள். டென்சில் என்ன சொல்வான் என்பதை அவனுடைய மனச்சாட்சி பார்த்துக்கொள்ளட்டும். உங்களுக்கு நான் வேறு வேலை வைத்திருக்கிறேன்.

அந்த ஆலயத்தில் கைதட்டியவர்கள் கெட்டவர்கள் அல்லர். உங்களையும் என்னையும் போன்றவர்கள். தட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை இல்லாமையால் ஒரு தாய் தன் மானத்தையே விலையாகக் கொடுத்து உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆகவே கேட்கிறேன். வேண்டவில்லை, கேட்கிறேன்! ஆலயமாகட்டும், மண்டபமாகட்டும், பள்ளிவாசலாகட்டும், "சீதனமில்லாத திருமணம்" என்று இனி எவராவது அறிவித்தால் கைகளை மடியிலேயே வைத்திருங்கள். எழுந்து பெண்ணின் தாயிடம் செல்லுங்கள். தனியே அழைத்து, "வேறு என்ன கேட்டார்கள்?" என்று விசாரியுங்கள். அவள் வாய் திறக்கும்வரை அந்த வீட்டுப் பந்தியில் உட்காராதீர்கள்.